சுயாட்சி யார் வாசல்வரை? – நவாராவும் பாலாற்றங்கரையும்

'மாநில சுயாட்சி' என்ற சொல் நம்மிடையே தேய்ந்த முழக்கமாகிவிட்டது. ராஜமன்னார் குழு (1969–71), 1974 ஏப்ரலில் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானம், 2025இல் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் அமைக்கப்பட்ட குழு என்று அதற்கொரு வரலாறு இருக்கிறது. ஆனால் 'சரிங்க, சுயாட்சி வந்தா ஆம்பூர்ல என்ன மாறும்?' என்று ஷூ கம்பெனித் தொழிலாளி ஒருவர் கேட்டால் நம்மில் பலரிடம் பதில் இல்லை. பதிலைத் தேட, பாஸ்க் மரபுள்ள நவாரா என்ற சிறு பிரதேசம் உதவும்.

ஸ்பெயினின் வடக்கே இருக்கும் நவாராவின் மக்கள்தொகை ஏழு லட்சத்துக்கும் குறைவு. 1512இல் காஸ்டில் படைகள் கைப்பற்றும்வரை அது தனி அரசு. இன்று அதற்கு 50 உறுப்பினர் கொண்ட நாடாளுமன்றமும் தனிப் போலீசும் உண்டு. இவற்றைவிட முக்கியமானது கஜானா. வருமான வரி உட்படப் பெரும்பாலான வரிகளை நவாராவே வசூலிக்கிறது; ராணுவம், வெளியுறவு போன்ற பொதுச் செலவுகளுக்காக மாட்ரிட்டுக்கு ஒரு பங்கைக் கட்டுகிறது. நம் நாட்டில் பணம் தில்லிக்குப் போய்த் திரும்புகிறது. அங்கே இங்கிருந்து அங்கே போகிறது. வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் இதுதான் எல்லாமே.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? உரிமையின் வேர் 1841 சட்டத்தில் இருக்கிறது. அண்டையிலுள்ள பிஸ்காயா, கிபுஸ்கோவா மாகாணங்களுக்கும் இதே மாதிரி வரி உரிமை இருந்தது. உள்நாட்டுப் போரில் அவை குடியரசின் பக்கம் நின்றதால், 1937இல் பிராங்கோ தண்டனையாக அதைப் பறித்தான். தன் பக்கம் நின்ற நவாராவுக்கு விட்டுவைத்தான். ஆக, மையம் தருகிற சுயாட்சி விசுவாசத்துக்குக் கூலியாகவும் இருக்க முடியும். அதை உரிமையாக நிலைநிறுத்த ஜனநாயகம் திரும்ப வேண்டியிருந்தது: பாஸ்க் நாட்டுக்கு 1979 சாசனம், நவாராவுக்கு 1982 சட்டம்.

இப்போது ஆம்பூருக்கு வருவோம். வெளிநாட்டு வர்த்தகம் மத்தியப் பட்டியலில் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி அரைப்பதத் தோல் ஏற்றுமதியைத் தில்லி கட்டுப்படுத்தியது. தோல் ஷாப்புகள் முழுப்பதத் தோலுக்கும் ஷூவுக்கும் மாறின. ஆவாரம்பட்டையின் இடத்தில் குரோம் பெருகியது. அந்நியச் செலாவணி தேசத்துக்கு, கழிவு பாலாற்றுக்கு. 2017க்குப் பிறகு விற்பனை வரியின் பெரும்பகுதியும் ஜிஎஸ்டி கவுன்சிலுக்குப் போய்விட்டது. அங்கே மூன்றில் ஒரு பங்கு வாக்கு மத்திய அரசுடையது. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும். அதாவது தில்லி வேண்டாமென்றால் எதுவும் நடக்காது.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் கதை சுகமாக முடியும். ஆனால் நவாரா இன்னொன்றையும் சொல்கிறது. 1986 சட்டம் அந்தப் பிரதேசத்தை பாஸ்க் மொழி வலயம், கலப்பு வலயம், பாஸ்க் பேசாத வலயம் என்று மூன்றாகப் பிரித்தது. ஒருவருடைய மொழியுரிமை அவர் குடியிருக்கும் இடத்தைப் பொறுத்து மாறுகிறது. மையத்திடம் அடையாளம் பேசிய அதே அரசு, தனக்குள் அடையாளத்தை அளந்து கொடுக்கிறது.

நம் கதை என்ன? ஆம்பூர், வாணியம்பாடித் தெருக்களில் உருது தமிழோடு கலந்து புழங்குகிறது. 2006 தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு மொழிச் சிறுபான்மைப் பள்ளிகள் விலக்குக் கேட்டு நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாநிலத்தின் கையில்தான் இருந்தது. ஆனால் பாலாற்று வழக்கில் 1996இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தனி ஆணையம் அமைக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 2025 ஜனவரியில் மறுபடியும் அதே நீதிமன்றம் இழப்பீட்டையும் ஆற்று மீட்பையும் பற்றிப் பேச வேண்டியதாயிற்று. 2016இல் நடந்திருக்க வேண்டிய நகராட்சித் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. தில்லியிடம் அதிகாரம் கேட்ட கோட்டை, நகராட்சிக்குத் தேர்தல்கூட வைக்கவில்லை.

சுண்ணாம்புக் குழியில் கால் வைத்த தலித் தொழிலாளிக்கும், ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் குனிந்திருக்கும் பெண்ணுக்கும் 'தமிழர்' என்ற பொது அடையாளம் மட்டும் போதாது. எந்த வரி ஊரில் தங்கும், எந்தத் தண்ணீர் குடிக்கக் கிடைக்கும், பிள்ளை எந்த மொழியில் படிக்கும் என்ற முடிவுகளில் அவர்களுக்கும் கை வேண்டும். ஆகவே சுயாட்சிக் கோரிக்கையைக் கைவிட வேண்டியதில்லை. சென்னையில் நிற்கும் அதை ஆம்பூர் நகராட்சிவரை, அங்கிருந்து சேரிவரை இறக்க வேண்டியிருக்கிறது.