வேகமும் அதன் விலையும்: மைக்கல் ஓவெனின் உதைபந்தாட்ட வாழ்வு

உதைபந்தாட்டத்தில் முன்கள வீரருடைய பணி சொல்லளவில் எளியது. பந்தைக் கோலினுள் செலுத்துவதே அது. அதனைச் சிலர் உடல் வலிமையாற் செய்வர். சிலர் தலையால் முட்டும் திறமையாற் செய்வர். வேறு சிலர், எதிரணிக் காவலர் திரும்புவதற்கு முன்னரே அவரைக் கடந்துவிடும் வேகத்தாற் செய்வர். இங்கிலாந்தின் மைக்கல் ஓவென் இம்மூன்றாம் வகையைச் சேர்ந்தவர். வேகத்தையே மூலதனமாகக் கொண்ட வீரருக்கு, அவ்வேகத்தைத் தரும் தசை பழுதுற்றால் யாது நேரும் என்பதற்கு அவருடைய வாழ்வு தக்க சான்றாகும்.

ஓவென் 1979ஆம் ஆண்டு திசெம்பர் 14ஆந் திகதி, வேல்ஸ் எல்லைக்கு அண்மையிலுள்ள செஸ்ரர் நகரிற் பிறந்தார். அவருடைய தந்தையும் தொழில்முறை உதைபந்தாட்ட வீரரே. 1997 மே மாதத்தில், 17 வயதில், லிவர்பூல் கழகத்தின் முதல் அணியில் இறங்கிய ஓவென் அவ்வாட்டத்திலேயே கோல் போட்டார். அடுத்த ஆண்டு பிரான்சில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டி அவரை உலகறியச் செய்தது. ஆர்ஜென்ரீனாவுக்கு எதிரான ஆட்டத்தில், நடுக்களத்தை அண்டிப் பந்தைப் பெற்ற அவர், காவலர் இருவரை ஓட்டத்தினாலேயே பின்தள்ளி, கோற்காப்பாளரைக் கடந்து பந்தை உயர அடித்தார். இங்கிலாந்து தண்ட உதைகளில் தோற்று வெளியேறியது. எனினும், 18 வயது இளைஞர் போட்ட அந்தக் கோல் மக்கள் மனத்தை விட்டு நீங்கவில்லை.

ஓராண்டு நிறைவதற்கு முன்னரே இடர் வந்து சேர்ந்தது. 1999 ஏப்பிரல் 12ஆந் திகதி, லீட்ஸ் கழகத்துக்கு எதிராக ஆடுகையில், அவருடைய வலத் தொடையின் பின்தசை அறுந்தது. எவரும் அவரை இடறவில்லை, எவரும் மோதவில்லை. தம் ஓட்டத்தினாலேயே அவர் காயமுற்றார்.

இது வியப்புக்குரியதன்று. மனிதர் விரைந்து ஓடும்போது கால் முன்னோக்கி வீசப்படுகின்றது. அது நிலத்தைத் தொடுமுன் அவ்வீச்சைத் தடுத்து நிறுத்துவது தொடையின் பின்புறத்திலுள்ள மூன்று தசைகளின் வேலை. நீளும் நிலையிலேயே அவை இழுவிசையையும் தாங்கவேண்டும். ஓட்டம் மிக, அச்சுமையும் மிகும். ஒருமுறை கிழிந்த தசை ஆறும்போது அவ்விடத்திற் தழும்புத் திசு வளர்கின்றது; அது முன்னைய தசையைப் போல நெகிழ்வதில்லை. முன்பு காயமுற்ற தசையே மறுபடியும் காயமுறுதல் எளிதென்பது விளையாட்டு மருத்துவர் நன்கறிந்த உண்மை. அறுந்த தசைநாண் மீளப் பொருத்தப்படவில்லை என்றும், அன்றிலிருந்து தம் வலக்கால் மூன்று தசைகளுக்குப் பதிலாக இரண்டினையே நம்பி ஓடியதென்றும் ஓவென் பிற்காலத்திற் கூறியுள்ளார்.

ஆயினும், அவருடைய பெரும் வெற்றிகள் இக்காயத்தின் பின்னரே கிட்டின. 2001 மே மாதத்தில் இங்கிலாந்துச் சங்கக் கிண்ண இறுதியாட்டம் கார்டிவ் நகரில் நடந்தது. ஆர்சனல் அணி முன்னிலையில் நிற்க, ஆட்டம் முடியுந் தறுவாயில் ஓவென் இரு கோல்களைப் போட்டுக் கிண்ணத்தை லிவர்பூலுக்குப் பெற்றுக் கொடுத்தார். அவ்வாண்டு செப்ரெம்பர் முதலாந் திகதி, மியூனிக் நகரில் இங்கிலாந்து ஜேர்மனியை 5-1 என வென்றபோது மூன்று கோல்கள் அவருடையவை. ஆண்டிறுதியில், ஐரோப்பாவின் சிறந்த வீரருக்குரிய தங்கப் பந்து விருது அவருக்கு வழங்கப்பட்டது. 1979இல் கெவின் கீகன் பெற்றதன் பின் ஆங்கிலேயர் எவரும் அதனைப் பெற்றிருக்கவில்லை.

2004இல் ஸ்பெயினின் றியல் மட்ரிட் கழகத்திற் சேர்ந்த ஓவென், ஒரு பருவத்தின் பின் நியூகாசில் கழகத்துக்கு வந்தார். அங்கே துன்பம் தொடர்ந்தது. 2005ஆம் ஆண்டின் இறுதி நாளன்று பாத எலும்பு முறிந்தது. அது ஆறி உலகக் கிண்ணப் போட்டிக்குச் சென்றவர், 2006 யூன் 20ஆந் திகதி கொலோன் நகரில், சுவீடனுக்கு எதிரான ஆட்டத்தின் முதல் நிமிடத்திலேயே வலமுழங்காலின் இணைநாண் அறுந்து வீழ்ந்தார். கைகளை ஊன்றித் தவழ்ந்து அவர் களத்தை விட்டகன்ற காட்சியை உலகமே கண்டது. மறுபடியும் ஆட அவருக்கு 2007 ஏப்பிரல் வரை சென்றது.

இக்காயம் ஒரு வழக்கையும் எழுப்பியது. வீரருக்கு ஊதியம் கொடுப்பது கழகம். அவரை அழைத்து ஆடவைப்பது நாடு. நாட்டுக்காக ஆடிக் காயமுற்றால் நட்டத்தை யார் ஏற்பது? நியூகாசில் கழகம் இழப்பீடு கோரியது. நாட்டுக்காக ஆடுகையிற் காயமுறும் வீரரின் ஊதியத்துக்குக் காப்பளிக்கும் திட்டத்தை உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் 2012இற் கொண்டுவந்தது. நான்கு பருவங்களில் நியூகாசில் ஏறக்குறைய 150 லீக் ஆட்டங்களை ஆடியது. ஓவென் பங்குபற்றியவை 71 மட்டுமே.

2009இல் அவர் மான்செஸ்ரர் யுனைற்றெட் கழகத்திற் சேர்ந்தார். அவ்வாண்டு செப்ரெம்பரில், அயற்கழகமான மான்செஸ்ரர் சிற்றிக்கு எதிராக 96ஆம் நிமிடத்தில் அவர் போட்ட கோல் 4-3 என்ற வெற்றியைத் தந்தது. 2010 பெப்ருவரியில் லீக் கிண்ண இறுதியாட்டத்திற் கோல் போட்ட அவர், இடைவேளைக்கு முன்னரே தொடைத்தசை பழுதுற்று வெளியேறினார். 2011இல் லீக் வாகையர் பதக்கமும் கிடைத்தது. பின்னர் ஸ்ரோக் கழகத்தில் ஒரு பருவம் ஆடி, 2013இல், 33 வயதில், ஓய்வு பெற்றார்.

இங்கிலாந்துக்காக 89 ஆட்டங்களில் 40 கோல்கள். பிறீமியர் லீக்கில் 150 கோல்கள். இக்கணக்கைக் குறைந்ததெனக் கூற எவரும் துணியார். ஆனால் இக்கணக்கில் இடம்பெறாத ஒன்றை ஓவெனே வெளியிட்டிருக்கின்றார். இறுதி ஆறேழு ஆண்டுகளில், வெற்றிடத்தை நோக்கி விரைந்தோடத் தாம் அஞ்சியதாகவும், தசை மீண்டும் கிழியுமென்ற எண்ணமே தம்மைத் தடுத்ததாகவும் அவர் சொன்னார். காவலரைக் கடந்தோடும் கலையை விடுத்து, கோலுக்கு அண்மையிற் காத்துநின்று பந்தைத் தட்டிவிடும் கலையை அவர் பழகிக்கொண்டார். அதிலும் அவர் வல்லவரே. ஆயினும், 18 வயதில் ஆர்ஜென்ரீனாக் காவலரைப் பின்தள்ளி ஓடிய அந்த வீரரைக் களம் பின்னர் அரிதாகவே கண்டது. எலும்பும் நாணும் ஆறியபின்னும் அச்சம் ஆறாதிருக்கலாம் என்பதை அவருடைய இச்சொற்கள் உணர்த்துகின்றன.