அடிக்கக் கற்றவன் அடங்கக் கற்பானா?

நம் சங்கத்தின் சென்ற பொதுக்கூட்டத்தில் ஒரு கேள்வி எழுந்தது. ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு முடிந்தபின், அதே கூடத்தில் பிள்ளைகளுக்குச் சிலம்பமோ கராத்தேயோ கற்பிக்க ஏற்பாடு செய்யலாமா என்பதே அது. "அயலூரில் வளரும் பிள்ளைகளுக்குத் தைரியம் வேண்டும்" என்றனர் சிலர். "அடிதடி கற்பிப்பதற்கா சங்கம் வைத்தோம்?" என்றனர் வேறு சிலர். அப்போது பெரியவர் ஒருவர் எழுந்து, "போர்க்கலை வெறும் அடிதடியன்று, அது தியானத்திற்கு நிகரான ஆன்மிகப் பயிற்சி" என்றார். பலத்த கரகோஷம் எழுந்தது. அவர் சொன்னது மெய்தானா என்று மட்டும் எவரும் கேட்கவில்லை. கூட்டம் முடிவு காணாமலே கலைந்தது. ஆகவே அக்கேள்வியை ஈண்டுச் சற்று ஆராய விழைகின்றோம்.

பெரியவர் தம் கூற்றுக்குச் சான்றாகக் காட்டியவர் போதிதர்மர். காஞ்சியிலிருந்து சீனம் சென்ற அவர் ஷாவோலின் மடத்துத் துறவிகளுக்குப் போர்க்கலை கற்பித்தார் என்பது நம்மவர் பெருமையோடு கூறும் கதை. 2011-ல் வெளிவந்த தமிழ்த் திரைப்படம் ஒன்றும் அதனைப் பட்டிதொட்டியெங்கும் பரப்பியது. போதிதர்மர் தென்னிந்தியர் என்று பழைய சீனக் குறிப்பொன்று கூறுகிறது. 547-ஆம் ஆண்டளவில் எழுதப்பெற்ற மற்றொரு நூலோ அவரைப் பாரசீகர் என்கிறது. போர்க்கலை பற்றிய பேச்சு அவ்விரண்டிலும் இல்லை. அது 17-ஆம் நூற்றாண்டில் தோன்றிய உடற்பயிற்சி நூலொன்றின் முன்னுரையிலிருந்து கிளைத்த கதை என்பது வரலாற்று ஆராய்ச்சியாளர் கருத்து. பெருமைக்காக ஒரு கதையைச் சான்றாக்குதல் தகாது. விடையை வேறிடத்தில் தேடுவோம்.

1882-ல் டோக்கியோ நகரில், ஏய்ஷோஜி என்னும் பௌத்தக் கோயிலின் ஒரு பகுதியில், கானோ ஜிகோரோ என்னும் இளைஞர் கோடோகன் என்ற பயிற்சிக் கூடத்தைத் தொடங்கினார். அதுவரை ஜப்பானில் வழங்கிய ஆயுதமில்லாச் சண்டை முறைக்கு ஜுஜுட்சு என்று பெயர். 'ஜுட்சு' என்றால் வித்தை. கானோ அச்சொல்லை நீக்கி, வழி அல்லது நெறி எனப் பொருள்படும் 'டோ' என்பதைச் சேர்த்தார், ஜூடோ பிறந்தது. பெயர் மாற்றத்தோடு அவர் நிற்கவில்லை. அபாயமான பிடிகளைப் பயிற்சிப் போட்டியிலிருந்து விலக்கினார். வீழ்த்தக் கற்பதற்கு முன், காயமின்றி விழக் கற்கவேண்டும் என்றார். உள்ள ஆற்றலை நல்வழியில் முழுமையாகப் பயன்படுத்துதல், தானும் பிறரும் ஒருங்கே உயர்தல் என்னும் இரண்டையும் தம் கலையின் கொள்கைகளாக வகுத்தார். தொழிலால் அவர் ஆசிரியர் என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

நாள்தோறும் நூறுமுறை விழுந்து எழுபவனுக்கு இரண்டு பயன் உண்டு. ஒன்று, விழுவதில் உள்ள அச்சம் தேய்கிறது. மற்றொன்று, 'நான் தோற்கவே மாட்டேன்' என்னும் செருக்கும் உடன் தேய்கிறது.

மனத்திற்கும் வாளுக்கும் உள்ள உறவை இதனினும் நுட்பமாக ஆராய்ந்தவர் தாகுவான் என்னும் ஜென் துறவி. 17-ஆம் நூற்றாண்டில், ஷோகுன்களுக்கு வாட்பயிற்சி அளித்த யாகியூ முனெநோரி என்பவருக்கு அவர் மடல் எழுதினார். எதிரியின் வாளில் மனம் நின்றுவிட்டால் உன் கை நின்றுவிடும்; உன் வாளிலேயே மனம் நின்றாலும் அவ்வாறே; எங்கும் ஒட்டாது மனத்தை ஓடவிடு என்பதே அதன் சாரம். பற்றறுத்தல் பற்றி ஞானிகள் கூறுவதும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை.

நம் பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. குமரி மாவட்டத்திலும் தென்கேரளத்திலும் வழங்கும் வர்மக்கலையில் நூற்றெட்டு வர்மங்கள் சொல்லப்படுகின்றன. தட்டினால் மனிதனை வீழ்த்தக்கூடிய அவ்விடங்களை அறிந்த ஆசானே, முறிந்த எலும்பைக் கட்டுபவரும் பிசகிய நரம்பைத் தடவிச் சீராக்குபவரும் ஆவார். சீடனின் குணத்தைப் பல்லாண்டு கண்டறிந்த பின்னரே வர்மத்தின் உட்பொருளைச் சொல்வது ஆசான்மார் மரபு. எந்தக் கை அடிக்கிறதோ அந்தக் கையே ஆற்றவும் வேண்டும் என்னும் ஏற்பாட்டில் பெரியதோர் அறம் அடங்கியிருக்கிறது அன்றோ?

இவ்வளவும் பெரியவர் பக்கம் நிற்பன. மறுபக்கத்தையும் மறைக்கலாகாது.

யூஜன் ஹெரிகல் என்னும் ஜெர்மானியத் தத்துவப் பேராசிரியர் 1924 முதல் 1929 வரை ஜப்பானின் செண்டாய் நகரில் பணியாற்றினார். அங்கே ஆவா கென்ஸோ என்னும் ஆசிரியரிடம் வில்வித்தை பயின்றார். அவ்வனுபவம் பற்றி 1948-ல் அவர் வெளியிட்ட சிறுநூல் உலகப் புகழ் பெற்றது. 'நான்' மறைந்து அம்பு தானே பாயும் நிலையை அது பேசுகிறது. ஆயினும் அதே மனிதர், அப்பயிற்சியெல்லாம் முடித்து நாடு திரும்பிய பின், 1937-ல் நாஜிக் கட்சியில் உறுப்பினராகச் சேர்ந்தார். வில் அவருக்கு மன ஒருமையைத் தந்திருக்கலாம். அநீதியை அநீதியென்று காணும் கண்ணைத் தரவில்லை. இரண்டாம் உலகப்போர் முடியும்வரை ஜப்பானிய இராணுவமும் வாட்பயிற்சியையும் ஜென் நெறியையும் போர்வெறிக்குத் துணையாக்கிக் கொண்டது. சாவுக்கு அஞ்சாத மனம் பிறரைக் கொல்வதற்கும் அஞ்சாது போகக்கூடும்.

அவ்வளவு தூரம் போவானேன்? நாம் பணிபுரியும் நிலையத்தில், ஹோலிக்கு முந்திய நாள், பயணச்சீட்டுச் சாளரத்தின் முன் பெருங்கூட்டம். உள்ளூர் அகாடாவில் ஒரே குருவிடம் மல்யுத்தம் பயின்ற இருவர் அன்று வரிசையில் நின்றனர். குடித்திருந்த ஒருவன் முண்டியடித்து வந்து முதலாமவரைக் கன்னத்தில் அறைந்துவிட்டான். அவர் அவன் மணிக்கட்டைப் பற்றினார், முறுக்கவில்லை. "பாயி, பின்னால் போய் நில்லுங்கள்" என்று சொல்லிப் புன்னகைத்தார். அவன் போய் நின்றான். சற்று நேரத்தில் அவன் தடுமாறி இரண்டாமவர் காலை மிதித்துவிட்டான். அவர் விட்ட ஒரே குத்தில் இரண்டு பற்கள் நம் சாளரத்தின் கீழே விழுந்தன. அதே மண், அதே குரு, அதே தண்டால். பின்னர் விசாரித்ததில் ஒன்று தெரிந்தது. முதலாமவர் விடியற்காலையில் எல்லோருக்கும் முன் சென்று அகாடா மண்ணைக் கொத்திப் பதப்படுத்துபவர். சிறுவர்களிடம் வேண்டுமென்றே தோற்று அவர்களுக்கு ஊக்கமளிப்பவர். இரண்டாமவர் பந்தயம் நெருங்கும்போது மட்டும் வருபவர்.

எனவே நம் முடிவு இதுதான்: போர்ப்பயிற்சி ஒரு சாணைக்கல். கத்தியைக் கூராக்கும், அக்கத்தி காய் நறுக்குமா, கழுத்தறுக்குமா என்பதை அது தீர்மானிப்பதில்லை. அச்சமின்மை, மன ஒருமை, தோல்வியைத் தாங்கும் உறுதி ஆகியவற்றைப் பயிற்சி தரும். இவை ஆன்மிக வாழ்வுக்கு வேண்டிய கருவிகளே. ஆனால் கருணையும் நீதியும் குருவின் நடத்தையிலிருந்தும் வீட்டின் நடத்தையிலிருந்தும் வரவேண்டியவை.

சங்கம் வகுப்பைத் தொடங்கட்டும் என்பதே நம் கருத்து. ஆனால் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் வென்ற பதக்கங்களை எண்ணுவதோடு நில்லாமல், ஒரு நாள் வகுப்பில் ஓரமாக அமர்ந்து பாருங்கள். வலியவன் எளியவனை வருத்தும்போது அவர் என்ன செய்கிறார்? தோற்ற பிள்ளையை எப்படி எழுப்புகிறார்? தம் தவற்றைச் சீடர்முன் ஒப்புக்கொள்கிறாரா? ஆண்டுக்குள் கறுப்புக் கச்சை வாங்கித் தருவதாகச் சொல்பவரிடம் எச்சரிக்கையாய் இருங்கள். ஜப்பானிய மொழியில் கறுப்புக் கச்சையின் முதற்படிக்கு 'ஷோடன்' என்று பெயர். 'தொடக்கப் படி' என்பதே அதன் பொருள். நம்மவரோ அதனை முடிவென்று எண்ணிப் புகைப்படமெடுத்துச் சுவரில் மாட்டிவிடுகின்றனர்!

பயிற்சி முடித்து வீடு திரும்பும் பிள்ளை, தங்கையிடம் எப்படிப் பேசுகிறான், வீட்டு வேலை செய்யும் அம்மாளிடம் எப்படி நடந்துகொள்கிறான் என்பதைக் கவனியுங்கள். அவன் கற்றது வித்தையா, வழியா என்பது அங்கே தெரிந்துவிடும். அவன் கண்ணெதிரே நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதையும் அன்றே சேர்த்துக் கவனித்துக் கொள்ளலாம்.