நாயைக் காப்பகத்தில் விடுவதற்கு ஒரு மாதம் முன்பே தயாராவோம்

லூமுட் – தீபாவளிக்கு வெளியூர் செல்லும் லூமுட், சித்தியவான் வட்டாரக் குடும்பங்கள் வளர்ப்பு நாயை முதன்முறையாகக் காப்பகத்தில் விடுவதாக இருந்தால், ஒரு மாதம் முன்பே தயாராவது நல்லது.

பல நாய்கள் கூடும் இடத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற கிருமித் தொற்றுகள் எளிதில் பரவும். தடுப்பூசி போட்ட அன்றே பலன் தராது. எதிர்ப்புச் சக்தி உருவாக நாள்கள் பிடிக்கும். ஆகவே, தடுப்பூசி அட்டையைக் கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே காட்ட வேண்டும்.

அடுத்து, ஓர் இரவு மட்டும் விட்டுப் பார்க்கலாம். போனவர்கள் திரும்பி வருவார்கள் என்பது நாய்க்கு அப்போதுதான் பழகும். தீனி திடீரென மாறினால் வயிற்றுப்போக்கு வரலாம். வழக்கமான தீனியையும் வீட்டு வாடையுள்ள பழைய துணியையும் கொடுத்தனுப்புங்கள்.

சோறு வைத்து, கட்டிப்போட்டுவிட்டுப் போவது தீர்வல்ல. 2015ஆம் ஆண்டு விலங்குகள் நலச் சட்டப்படி, அதைப் பராமரிப்பது உரிமையாளரின் கடமை.