உலை வைக்காத காலையில் ஒரு மாத்திரை

மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் காலை ரயிலைப் பிடிக்க இருட்டிலேயே கிளம்ப வேண்டும். 2001 பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டதிலிருந்து, கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகள் பலவற்றுக்குப் படியளப்பது சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அந்த நகரம்தான். அந்த நேரத்தில் யார் உலை வைப்பது? சுகர் இருக்கிறவர் டீயோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடுகிறார்.

அது கிளிமிபிரைடு மாத்திரையாக இருந்தால் சிக்கல். கணையத்தின் பீட்டா செல் ஒரு கறாரான கணக்குப்பிள்ளை. ரத்தத்திலிருந்து குளுக்கோஸ் வந்து உள்ளே எரிய வேண்டும். அந்த ஆற்றலால் செல்லின் சவ்விலுள்ள பொட்டாசியம் வாசல் மூட வேண்டும். அப்புறம்தான் இன்சுலின் வெளியேறும். கிளிமிபிரைடு நேரே போய் வாசலைச் சாத்திவிடுகிறது. சாப்பிட்டீர்களா என்று அது கேட்பதில்லை. பெங்களூர் நெருங்கும்போது சுகர் இறங்கி வியர்வை, கை நடுக்கம், படபடப்பு. மெட்ஃபார்மின் என்ற இன்னொரு சுகர் மாத்திரை மட்டும் எடுப்பவருக்கு இந்த பயம் மிகக் குறைவு.

கடிகாரம் மட்டுமல்ல, காலண்டரும் இதில் சேர்த்தி. கலிபோர்னியாவில் 2000 முதல் 2008 வரையிலான மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். வருமானம் குறைந்தவர்கள் 'லோ சுகர்' ஆகி அனுமதிக்கப்படுவது, மாதத்தின் முதல் வாரத்தைவிடக் கடைசி வாரத்தில் 27 சதவீதம் அதிகம். வசதியானவர்களிடம் அந்த ஏற்றம் இல்லை. காசு தீர்ந்தது, மருந்து தீரவில்லை.

அதே ஆளுக்கு ராத்திரி சுகர் எகிறவும் செய்யும். கை இறுகினால் முதலில் குறைவது பருப்பும் கீரையும். ரேஷன் அரிசி தங்கிவிடும். புரதமும் நாரும் துணைக்கு இல்லாத வெள்ளைச் சோறு வயிற்றில் நிற்காது, சட்டென்று குளுக்கோஸாகிவிடும். கோலார் பக்கம் விளையும் ராகிதான் தீர்வு என்பார்கள். எனக்கு அதில் பாதி சம்மதம்தான்: நைசாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் ராகியும் வேகமாகவே ஏறும். இன்னொன்று, உழைக்கும் தசை இன்சுலின் இல்லாமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். சுரங்கத்தில் பாறை உடைத்த தாத்தாவுக்கு அந்தச் சலுகை இருந்தது; நாளெல்லாம் உட்கார்ந்தே வேலை பார்க்கும் பேரனுக்கு இல்லை.

ஆகவே மருத்துவரிடம் சுகர் அளவோடு ரயில் நேரத்தையும் சொல்ல வேண்டும். கிளிமிபிரைடை முதல் முழுச் சாப்பாட்டோடு எடுப்பதே முறை. மாத்திரையையே மாற்றித் தரவும் வழி உண்டு. ரயிலில் நடுக்கம் வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் பார்த்து, குறையாவிட்டால் மறுபடி குடிக்கலாம். கிரீம் பிஸ்கட் அவசரத்துக்கு உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும்.