மூணு மொழி தெரிஞ்சா இதுவும் ஒரு கரியர்தான்: எட்-டெக், ஆசிரியர் பயிற்சித் துறையில் ஓசூர் இளைஞர்களுக்கு என்ன வாய்ப்பு?

2024 ஜூனில் கிருஷ்ணகிரி எம்.பி. கோபிநாத் மக்களவையில் தெலுங்கில் பதவிப் பிரமாணம் எடுத்தார். வெளியூர்க்காரர்களுக்கு அது ஆச்சரியமா இருந்திருக்கலாம். ஓசூர்க்காரர்களுக்கு அதில் புதுசா ஒன்றும் இல்லை. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளியில் தமிழ், சிப்காட் கம்பெனியில் இங்கிலீஷும் கொஞ்சம் இந்தியும் என்று வாழ்பவர்கள் இங்கே ஏராளம்.

இந்தத் திறமை பெரும்பாலும் ரெஸ்யூமேயில் கடைசி வரியாகவே நின்றுவிடுகிறது. ஆனால், அதையே முதல் தகுதியாகப் பார்க்கும் ஒரு துறை இருக்கிறது. கல்வித் தொழில்நுட்பமும் அதோடு சேர்ந்த ஆசிரியர் பயிற்சியும்தான் அது.

எட்-டெக் என்றாலே பைஜூஸ்தானா?

பலருக்கு அந்தப் பெயர்தான் முதலில் ஞாபகம் வரும். 2022இல் 2,200 கோடி டாலர் மதிப்புள்ள நிறுவனமாகப் பேசப்பட்ட பைஜூஸ், 2024 ஜூலையில் பெங்களூரு தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் திவால் நடவடிக்கைக்கு உள்ளானது. கிரிக்கெட் வாரியத்துக்குத் தர வேண்டிய சுமார் 158 கோடி ரூபாய் பாக்கிக்காகத் தொடரப்பட்ட வழக்கு அது. 'எட்-டெக் வேலையா? வேண்டாம்ப்பா' என்று வீட்டில் சொல்வதற்கு இது போதும்.

ஆனால், பெற்றோரிடம் கோர்ஸ் விற்பது இந்தத் துறையின் ஒரு பக்கம்தான். பாடத்தை வடிவமைப்பது, அதை இன்னொரு மொழிக்கு ஏற்றபடி மாற்றுவது, வகுப்பறையில் அதைப் பயன்படுத்த ஆசிரியர்களைத் தயார்படுத்துவது எல்லாம் இன்னொரு பக்கம். இந்தப் பக்கம் பைஜூஸுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பித்தது.

1975லேயே சாட்டிலைட் வகுப்பு

1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக இஸ்ரோ ஒரு பரிசோதனை நடத்தியது. 'சைட்' என்று பெயர். கர்நாடகம், ஆந்திரம் உட்பட 6 மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டி.வி. நிகழ்ச்சிகள் போயின. விடுமுறைக் காலத்தில் அதே டி.வி. வழியாக ஏறக்குறைய 50,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிக்கும் பயிற்சியும் தரப்பட்டது. இந்தி, ஒடியா, தெலுங்கு, கன்னடம் என நான்கு மொழிகளில் நிகழ்ச்சிகள் தயாராயின. இன்றைய ஆன்லைன் பயிற்சிகளுக்கு இதை ஒரு பாட்டி என்று சொல்லலாம்.

மதனப்பள்ளியில் பிறந்தது, சென்னைக்கு வந்தது

எல்லை தாண்டிய ஆசிரியர் பயிற்சிக்கு நல்ல உதாரணம் கிருஷ்ணகிரியிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. ஆந்திராவின் மதனப்பள்ளி அருகே, ஜே.கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய ரிஷி வேலி பள்ளி இருக்கிறது. சுற்றியுள்ள கிராமங்களில், ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைக் கவனிக்கும் சின்னப் பள்ளிகளுக்காகப் பத்மநாப ராவ், ரமா தம்பதி அங்கே ஒரு முறையை உருவாக்கினார்கள். பாடப்புத்தகத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்தார்கள். எந்த அட்டைக்குப் பிறகு எந்த அட்டை என்று காட்ட ஓர் 'ஏணி' வரைந்தார்கள். குழந்தை தன் வேகத்தில் படியேறும். பின்தங்கும் குழந்தைக்கு ஆசிரியர் நேரம் ஒதுக்குவார்.

1995இல் மைசூரு மாவட்டம் ஹெக்கடதேவன கோட்டையில், யுனிசெப் உதவியுடன் இது கன்னடத்தில் 'நலி கலி' ஆனது. 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் இதைத் தொடங்கினார். ஆசிரியர்கள் ரிஷி வேலிக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து, தமிழ் அட்டைகளைத் தயாரித்தார்கள். 2007-08இல் செயல்வழிக் கற்றலாக அது தமிழகம் முழுக்கப் போனது. பாய் விரித்து ஆசிரியரும் தரையில் உட்கார்ந்த வகுப்பில் படித்தவர்கள், இன்று இருபதுகளில் இருக்கிறார்கள்.

சும்மா மொழிபெயர்த்தால் போதாதா?

போதாது. தெலுங்கிலும் கன்னடத்திலும் 'க'வின் வல்லோசைக்கு ஓர் எழுத்து, மெல்லிய ஓசைக்கு வேறோர் எழுத்து. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'க'. 'கடல்' என்பதில் வரும் க வேறு, 'பகல்' என்பதில் வரும் க வேறு. தமிழைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தளி, பாகலூர் பக்கம் தெலுங்கோ கன்னடமோ பேசி வளர்ந்த குழந்தைக்கு இதுதான் முதல் தடை. அடுத்து ழகரம் வரும், றகரம் வரும்.

அந்தத் தடை எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிந்து பாடம் தயாரிப்பவரும், அதை ஆசிரியருக்குப் புரியவைப்பவரும் இரண்டு மொழியையும் வாழ்ந்து பார்த்தவராக இருந்தால் வேலை எளிது. ஓசூர் இளைஞர்களின் பலம் இங்கேதான்.

டேப்லெட் கொடுத்தால் தீர்ந்ததா?

பெரு நாட்டில் 'ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப்' திட்டத்தை 319 பள்ளிகளில் ஆராய்ந்தார்கள். 2012இல் வெளியான முடிவு: கணக்கிலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் இல்லை. மாறாக, டெல்லியில் 6 முதல் 9ஆம் வகுப்பு வரை படித்த 619 மாணவர்களிடம் 'மைண்ட்ஸ்பார்க்' மென்பொருள் திட்டம் பரிசோதிக்கப்பட்டது. நாலரை மாதத்தில் கணக்கு, இந்தி இரண்டிலும் தெளிவான முன்னேற்றம். இந்த மென்பொருள் குழந்தை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துப் பாடம் கொடுத்தது. அதோடு ஆட்கள் நடத்திய சிறு குழு வகுப்பும் இருந்தது. கருவி கைக்கு வந்தபின் என்ன நடக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஓசூரில் இது ஏன் அவசரம்?

தமிழ் கற்றல் சட்டம் 2006இல் வந்தது. 2006-07இல் முதல் வகுப்பில் தொடங்கி, 2015-16இல் பத்தாம் வகுப்புவரை தமிழ் கட்டாயமானது. மொழிச் சிறுபான்மை மாணவர்களுக்கு விலக்கு கேட்டு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 பிப்ரவரியில் மேலும் ஓராண்டு விலக்கு கிடைத்தது. விலக்கு என்பது தேர்வுக்கான நிவாரணம்தான். வீட்டு மொழியிலிருந்து தமிழுக்கு ஒரு குழந்தையை எப்படி அழைத்து வருவது என்ற கேள்வி வகுப்பறையில் அப்படியே இருக்கிறது. வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் அதே பெஞ்சில் வந்து உட்காரும்போது கேள்வி இன்னும் பெரிதாகிறது.

அடிப்படைக் கட்டமைப்பு ஓரளவு தயார். மத்திய அரசின் 'தீக்ஷா' தளம் 2017இல் வந்தது. தமிழகப் பாடப்புத்தகங்களில் 2018 முதல் கியூஆர் கோடு உண்டு. 2022இல் 'எண்ணும் எழுத்தும்', 2023இல் 'மணற்கேணி' செயலி. இவற்றுக்கு ஆசிரியர் பயிற்சியும் மொழிக்கேற்ற பாடப்பொருளும் தொடர்ந்து தேவை.

என்ன வேலை, என்ன படிக்கலாம்?

* பாட வடிவமைப்பாளர்: எதை, எந்த வரிசையில், எப்படிக் கற்பிப்பது என்று திட்டமிடுபவர்.
* மொழிக்கேற்ப மாற்றுபவர்: ஒரு மொழிப் பாடத்தை இன்னொரு மொழிக் குழந்தைக்குப் பொருந்தும்படி மாற்றி அமைப்பவர்.
* ஆசிரியர் பயிற்றுநர்: பயிற்சி நடத்துவதோடு வகுப்பறைக்கும் போய்ப் பார்த்து உதவுபவர்.
* மதிப்பீட்டாளர்: குழந்தைகள் உண்மையில் கற்றார்களா என்று அளந்து சொல்பவர்.

பி.எட். நல்ல அடித்தளம். அத்திப்பள்ளி தாண்டி சர்ஜாபூரில் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் கல்வியில் எம்.ஏ. நடத்துகிறது. ஆராய்ச்சி வரை போக நினைப்பவர்களுக்கு ஐஐடி பாம்பேயில் கல்வித் தொழில்நுட்பத்தில் பிஎச்.டி. இருக்கிறது.

சேருவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

தொண்டு நிறுவனங்களில் பல வேலைகள் திட்டக்காலம் முடியும்வரை மட்டுமே. அதனால் ஒப்பந்தம் எத்தனை வருஷம், நிதி எங்கிருந்து வருகிறது என்று இன்டர்வியூவிலேயே கேட்டுவிடுங்கள். தனியார் நிறுவனம் என்றால் 'அகாடமிக் கவுன்சிலர்' என்ற பெயரில் சேல்ஸ் டார்கெட் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் படிக்குப் பெரிய செலவு இல்லை. மூன்றாம் வகுப்புப் பாடம் ஒன்றை எடுத்து, தெலுங்கோ கன்னடமோ பேசும் குழந்தைக்கு ஏற்றபடி அட்டையாகவோ ஐந்து நிமிட வீடியோவாகவோ மாற்றிப் பாருங்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளிடம் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பையும் அதற்காக நீங்கள் செய்த திருத்தத்தையும் சேர்த்துக் காட்டினால், இன்டர்வியூவில் பேச உங்களுக்குச் சொந்தமாக ஒரு வேலை இருக்கும்.