தமிழ் வலைத்தளமும் அதனைத் தாங்கும் சர்வரும்

அக்ரஹாரம் என்பது மைசூர் நகரின் பழைய பகுதிகளுள் ஒன்றன் பெயர். அந்தணர்க்கு மானியமாக அளிக்கப்பட்ட குடியிருப்பைக் குறிக்கும் இச்சொல் கன்னட நாட்டுக் கல்வெட்டுகளில் பெரிதும் பயின்று வருவதாகும். தமிழில் எழுதுங்கால் இது ஆறு எழுத்துகளே. ஆயினும் கம்ப்யூட்டர் இதனை ஆறாகக் கொள்வதில்லை. புள்ளியையும் துணைக்காலையும் தனித்தனிக் குறியெண்களாகக் கொள்வதால், யூனிகோடு முறையில் இது ஒன்பது குறியெண்கள் ஆகிறது. யூடிஎஃப்-8 என்னும் பதிவுமுறையில் குறியெண் ஒன்றுக்கு மூன்று பைட் வீதம் 27 பைட் இடம் கொள்கிறது. இணைய முகவரியில் அமையும்பொழுதோ 81 குறிகளாக நீள்கிறது. பள்ளிக்கோ அலுவலகத்திற்கோ தமிழில் வலைத்தளம் அமைக்க முற்படுவோர் சர்வரைத் தெரிவு செய்யும் முன் இக்கணக்கை நினைவிற் கொள்ளுதல் நலம்.

இன்று வலைத்தளங்கள் பெரும்பாலும் உள்ளடக்க நிர்வாக மென்பொருளைக் கொண்டே அமைக்கப்படுகின்றன. 2001ல் வெளிவந்த துருபல், 2003ல் வெளிவந்த வேர்ட்பிரஸ், 2005ல் வெளிவந்த ஜூம்லா ஆகியவை இவ்வகையின. இவற்றை இயக்க நான்கு உறுப்புகள் வேண்டும்: பக்கங்களை வெளியே அனுப்பும் அப்பாச்சி அல்லது என்ஜின்எக்ஸ் போன்ற வலைச் சர்வர்; மென்பொருள் எழுதப்பட்டுள்ள பிஎச்பி மொழியை இயக்கும் பொறி; கட்டுரைகளைச் சேமித்து வைக்கும் தரவுத்தளம்; படங்களுக்கும் கோப்புகளுக்கும் வட்டில் இடம். வேர்ட்பிரஸுக்கு 2025ல் பரிந்துரைக்கப்பட்டவை பிஎச்பி 8.3, மைஎஸ்க்யூஎல் 8.0 அல்லது மரியாடிபி 10.6, அவற்றிற்குப் பிந்திய பதிப்புகள், எச்டிடிபிஎஸ் பாதுகாப்பு ஆகியன. மலிவான வாடகைச் சர்வர்களில் பழைய பதிப்புகளே இருத்தலும் உண்டு. பிஎச்பி 7.4க்கு 2022 நவம்பரிலும், மைஎஸ்க்யூஎல் 5.7க்கு 2023 அக்டோபரிலும் அவற்றை வெளியிடுவோரின் ஆதரவு முடிவுற்றது. அவற்றில் இனிக் காணப்படும் ஓட்டைகள் அவர்களால் அடைக்கப்படமாட்டா. ஆகவே வாடகை எவ்வளவு என்று வினவுவதற்கு முன்னர்ப் பதிப்பு எது என்று வினவுதல் வேண்டும்.

இதுகாறும் கூறியவை எம்மொழித் தளத்திற்கும் பொதுவானவை. தமிழுக்குரிய ஆபத்து தரவுத்தளத்தில் இருக்கிறது.

மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில், 2018ல் 8.0 பதிப்பு வரும் வரை, வேறு குறிப்பு இல்லாவிடில் லத்தீன் எழுத்துத் தொகுதியே இயல்பாக அமைந்திருந்தது. அத்தகைய அட்டவணையில் தமிழ்ச் சொல்லை இட்டால், அத்தொகுதியில் இல்லாத ஒவ்வொரு குறியெண்ணுக்கும் ஒரு கேள்விக்குறி பதிவாகிவிடக்கூடும். அக்ரஹாரம் என்று தட்டெழுதியவர் ஒன்பது கேள்விக்குறிகளைக் காண்பார். மூலம் வேறிடத்தில் இல்லையேல் அச்சொல் போனது போனதுதான். எந்த நிபுணராலும் அதை மீட்க இயலாது. இதனினும் வேறான நிலை ஒன்றுண்டு. திரையில் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாகத் தோன்றுமாயின், பைட்டுகள் கெடாமல் தவறாகப் படிக்கப்படுகின்றன என்பதே பெரும்பாலும் பொருள். அதனைத் திருத்துதல் கூடும். வெற்றுப் பெட்டிகள் தோன்றினால் பார்ப்பவரின் கருவியில் எழுத்துரு இல்லை என்பதே காரணம், பதிவில் குற்றமில்லை. இம்மூன்றையும் ஒன்றாக எண்ணி, திருத்தக்கூடியதை அழித்துவிடுவோர் உளர்.

மைஎஸ்க்யூஎல் நெடுங்காலம் யூடிஎஃப்8 என்று பெயரிட்டு வழங்கிய தொகுதியும் முழுமையானதன்று. அது குறியெண் ஒன்றுக்கு மூன்று பைட்டுக்கு மேல் இடம் தராது. அன்றாடத் தமிழுக்கு அது போதும். ஆனால் முந்திரி, காணி முதலிய பின்னங்களின் குறிகள் 2019ல் யூனிகோடு 12.0 பதிப்பிலும், கிரந்த லிபி 2014ல் 7.0 பதிப்பிலும் இடம்பெற்றபொழுது, நான்கு பைட் தேவைப்படும் பகுதியிலேயே அவை வைக்கப்பட்டன. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவுத் தலைமை அலுவலகம் 1966 முதல் மைசூரில் உள்ளது. கோலார் முதலிய இடங்களில் தமிழ்க் கல்வெட்டுகள் மிகுதி. நில மானியம் கூறும் கல்வெட்டொன்றை, அதன் அளவுக் குறிகளுடன் ஓர் ஆசிரியர் பள்ளித் தளத்தில் ஏற்றுவதாகக் கொள்வோம். மூன்று பைட் தொகுதியில் அக்குறி ஏற்கப்படாது போகலாம்; சில அமைப்புகளில் குறி வந்த இடத்தோடு வாக்கியமே அறுந்துவிடும். 2010ல் இக்குறையை நீக்கச் சேர்க்கப்பட்டதே யூடிஎஃப்8எம்பி4 என்னும் தொகுதி. வேர்ட்பிரஸ் 2015ல் தன் 4.2 பதிப்பிலிருந்து இதனை மேற்கொண்டது. தரவுத்தளம், அட்டவணை, மென்பொருளுக்கும் தரவுத்தளத்திற்கும் இடையேயான தொடர்பு ஆகிய மூன்றிலும் இத்தொகுதியே அமைந்திருத்தல் அவசியம்.

முகவரி நீளம் உயிர் போகும் விஷயமன்று. எனினும் தொல்லை தருவது. வேர்ட்பிரஸ் பக்கத்தின் தலைப்பிலிருந்து முகவரியைத் தானே அமைக்கையில் 200 குறிகளோடு நிறுத்திக்கொள்கிறது. தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் ஒன்பது குறிகளாக விரிவதால் ஏறத்தாழ 22 குறியெண்களுக்கே இடமுண்டு. ‘மைசூர் அக்ரஹாரம் நடுநிலைப்பள்ளி ஆண்டறிக்கை’ என்று தலைப்பிட்டால் முகவரி ‘நடுநிலை’ என்பதோடு முடிந்துவிடும். கன்னட எழுத்துகளுக்கும் இதே கதிதான். பக்கத்தை வெளியிடுமுன் சுருக்கமான முகவரியைக் கையாலேயே இட்டுவிடுவது எளிது.

சுற்றறிக்கைகளை ஒளிநகல் எடுத்து ஏற்றும் களப்பணியாளர் இன்னொரு தடையைச் சந்திப்பர். பிஎச்பியில் ஏற்றும் கோப்பின் அளவு இயல்பாக 2 மெகாபைட்டுக்கு உட்பட்டது. பத்துப் பக்கச் சுற்றறிக்கையே அதனைத் தாண்டக்கூடும். அவ்வரம்பை உயர்த்துவதோடு, இயல்பாக 8 மெகாபைட்டாக உள்ள மொத்த அனுப்பீட்டு வரம்பையும் தேவைக்கேற்ப உயர்த்த வேண்டும். வாடகை நிறுவனம் இதற்கு இசையுமா என்பதைப் பணம் கட்டுமுன் கேட்டறிதல் தக்கது.

அரசு அலுவலகங்கள் தனியாரிடம் இடம் தேட வேண்டுவதில்லை. 1976ல் நிறுவப்பட்ட தேசிய தகவலியல் மையம் எஸ்3வாஸ் என்னும் சேவை வாயிலாக அரசுத் தளங்களை அமைத்துத் தருகிறது. மாவட்ட நிர்வாகங்களின் தளங்கள் பல அதில் இயங்குகின்றன. அரசுத் தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009ல் முதலிலும், மூன்றாம் பதிப்பாக 2023லும் வெளியாயின. தனியார் பள்ளிகளும் சங்கங்களும்தாம் வாடகைச் சர்வரை நாட வேண்டியிருக்கும்.

எவ்விடத்தில் அமைப்பினும், முழு உள்ளடக்கத்தையும் ஏற்றுவதற்கு முன் ஒரே ஒரு சோதனைப் பக்கம் எழுதிப் பார்த்தல் வேண்டும். அதில் ஒரு தமிழ் வாக்கியம், ஒரு கன்னட வாக்கியம், ஒரு பின்னக் குறி, அதன்பின் மீண்டும் சில தமிழ்ச் சொற்கள் இருக்கட்டும். பக்கத்தைச் சேமித்து, மூடி, மறுபடி திறந்து நோக்குக. பின்னர்த் தரவுத்தளத்தின் நகலொன்றை எடுத்து, வேறொரு வெற்றுத் தரவுத்தளத்தில் ஏற்றி, அங்கும் அதே பக்கத்தை நோக்குக. நகல் எடுக்கும்பொழுதும் எழுத்துத் தொகுதி மாறிவிடுதல் உண்டு. அது தெரியவரும் நாள் வழக்கமாக மூலச் சர்வர் பழுதான நாளாகவே அமைகிறது. பின்னக் குறிக்குப் பின் எழுதிய தமிழ்ச் சொற்கள் இரண்டிடத்தும் குறைவின்றித் தோன்றுமாயின் உள்ளடக்கத்தை ஏற்றத் தொடங்கலாம்.