மெட்டுக்கு மேலே உறவு
கம்பத்திலிருந்து ஏலமலைக்கு ஏறும் சாலை பனிக்காலத்தில் பக்தர்களுக்கு மாற்றுவழி. தோட்டத் தமிழர்களுக்கோ அதுதான் வீட்டுக்குப் போகும் வழி.

கார்த்திகை பிறந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் வண்டிகளின் திசை மாறுகிறது. கூட்டம் மிகும் நாட்களில், சபரிமலைக்குப் போகும் வாகனங்களைக் குமுளி மலைப்பாதையில் விடுவதில்லை. அவை கம்பம்மெட்டு ஏறி, கட்டப்பனை, குட்டிக்கானம் வழியாகச் சுற்றிப் போக வேண்டும். திரும்பி வருபவை மட்டும் குமுளி வழியாக இறங்கும். குறுகிய பாதையில் நெரிசலையும் விபத்தையும் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு. விபத்து பயம் வீணானதல்ல. 2022 டிசம்பர் 23 இரவு, தரிசனம் முடித்து ஊர் திரும்பிய ஆண்டிபட்டிப் பகுதி பக்தர்களின் கார் குமுளி மலைப்பாதையில் பள்ளத்தில் கவிழ்ந்தது. 8 பேர் இறந்தார்கள்.

வெளியூர்க்காரர்கள் கம்பம்மெட்டுச் சாலையை அறிவது இந்த இரண்டு மாதங்களில்தான். மற்ற நாட்களில் அது யாருடைய சாலை? விடிவதற்கு முன்னால் கம்பத்தில் நின்றால் தெரிந்துவிடும். தூக்குவாளியும் மழைக்குப் போர்த்திக்கொள்ளும் பிளாஸ்டிக் தாளுமாகப் பெண்கள் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறுகிறார்கள். மலைமேல் உள்ள ஏலத்தோட்டங்களில் காய் எடுத்துவிட்டுப் பொழுது சாயும்போது இறங்கிவிடுவார்கள். காய் எடுப்பு ஆடி, ஆவணியில் சூடுபிடித்தால் தை வரை நீளும். பனிமூட்டத்தில் ஒரு வளைவுக்கு அடுத்த வளைவு தெரியாது. முகப்பு விளக்கும் ஹாரனும்தான் துணை. அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றும் ஜீப்புகள் கவிழ்வது இந்த வட்டாரத்துக்குப் புதிய செய்தியல்ல.

கம்பம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திராட்சைப் பந்தல், தென்னை, நெல்வயல் என்று வெயில் காயும் பூமி. மெட்டைத் தொட்டதும் காற்று மாறுகிறது. மர நிழலில் ஆள் உயரத்துக்கு ஏலச்செடி. ஈரம் உலராத மண். கிளைச் சாலைகளில் திரும்பினால் ஏலக்காய் ஏலம் நடக்கும் புற்றடி, வண்டன்மேடு, குமுளி-மூணாறு சாலையில் இருக்கும் அணைக்கரை என்று சிறு ஊர்கள். (பாலக்காடு மாவட்டத்தில் பாரதப்புழைப் பக்கம் ஓர் ஆனைக்கரை இருக்கிறது. அது வேறு.) கடைத்தெருவில் பலகை மலையாளத்தில் இருக்கும். பேரம் தமிழிலும் நடக்கும்.

அணைக்கரையை ஒட்டிய செல்லார்கோவிலில் மலை சட்டென்று முடிந்துவிடுகிறது. விளிம்பில் நின்றால் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் விரிகிறது. சுற்றுலாப் பயணிக்கு அது காட்சிமுனை. கீழே பிறந்து மேலே வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்கு அது பிறந்த வீடு இருக்கும் திசை. கண்ணுக்கு நேரே தெரிகிற ஊருக்கு, சாலையில் போனால் மலையைச் சுற்ற வேண்டும்.

இந்த மலையும் சமவெளியும் இரண்டு மாநிலங்களில் என்று உறுதியான ஆண்டு 1956. மொழிவழி மாநிலங்கள் உருவான அந்த நவம்பர் 1 அன்று கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. தமிழர்கள் கேட்டுப் போராடிய தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்தில் நின்றுவிட்டன. எல்லை வகுத்தவர்களால் குடும்பங்களை வகுக்க முடியவில்லை. அண்ணன் தோட்டத்தில், தம்பி கம்பத்தில். பெண் எடுப்பதும் கொடுப்பதும் நிற்கவில்லை.

தை பிறக்கும்போது இதைக் கேரள அரசும் ஒப்புக்கொள்கிறது. இடுக்கி, பாலக்காடு உள்ளிட்ட 6 மாவட்டங்களுக்குப் பொங்கலையொட்டி உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். அந்த நாட்களில் பஸ்ஸிலும் ஜீப்பிலும் கரும்பும் பச்சரிசியும் மேலே ஏறும். ஏலக்காயும் மிளகும் காப்பித்தூளும் கீழே இறங்கும். சோதனைச்சாவடி வெறும் ஒரு நிறுத்தமாகிவிடும்.

ஆனால் அந்தச் சாவடி மூடிக்கொண்ட பனிக்காலமும் உண்டு. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைத் தகராறு முற்றியபோது எல்லைப் பாதைகளில் போக்குவரத்து நின்றது. கம்பத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் குமுளி நோக்கித் திரண்டார்கள். மேலே, தோட்டங்களில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் பல அச்சத்தில் வீடுகளை விட்டு, காட்டு வழியாகத் தேனி மாவட்டத்துக்கு நடந்து இறங்கின. பக்கத்து வீட்டு மலையாளிக்கும் தமிழனுக்கும் தகராறு இல்லை. தகராறு அணையைப் பற்றியது. அடி விழுந்தது சாலைமேல்.

2020 மார்ச்சில் கொரோனா மறுபடி எல்லையை அடைத்தது. வேலை நின்ற தோட்டங்களிலிருந்து மக்கள் ஒற்றையடிப் பாதைகளில் கீழே வந்தார்கள். மார்ச் 24 அன்று அப்படி இறங்கியவர்களை, போடி அருகே ராசிங்காபுரம் மலையில் காட்டுத் தீ சூழ்ந்தது. ஒரு குழந்தை உட்பட நால்வர் மாண்டார்கள். சாலை அடைபட்டால் உறவுக்காரன் பயணத்தை விட்டுவிடுவதில்லை, காட்டுக்குள் போகிறான் என்பதற்கு அந்த நான்கு உயிர்கள் சாட்சி.

சாலையே இல்லாத மெட்டும் இருக்கிறது. தேவாரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டுக்கு மலைப்பாதை குறுகிய தூரம்தான். வண்டியில் போக வேண்டுமென்றால் வடக்கே போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையோ, தெற்கே கம்பம்மெட்டையோ சுற்ற வேண்டும். சாலை கேட்டு ஒரு தலைமுறை ஓய்ந்து, அடுத்த தலைமுறை கேட்கிறது. குறுக்கே நிற்பது வனம். காட்டை வெட்டாமல் சாலை வராது என்பது வனத்துறையின் நியாயம். அன்றாடக் கூலியில் ஒரு பங்கு ஜீப்புக்கே போகிறது என்பது தொழிலாளியின் நியாயம். இரண்டும் பொய்யல்ல.

புதிய சாலைக்குக் காலம் ஆகலாம். இருக்கிற சாலைக்குச் செய்ய வேண்டியவை அதிகமில்லை. தடுப்புச் சுவர், பனியிலும் தெரியும் எச்சரிக்கைக் கோடுகள், தோட்ட நேரத்துக்கு ஓடும் பஸ், அடுத்த தகராறிலோ தொற்றிலோ சாவடி மூடினாலும் வீடு திரும்புகிறவர்களை விசாரித்து அனுப்ப ஓர் ஏற்பாடு. ஐயப்ப பக்தர்களுக்காக இரண்டு மாநில அதிகாரிகளும் சேர்ந்து பேசி வழி வகுக்க முடிகிறது. ஏலத்தோட்டத்துக் குடும்பங்களுக்காகவும் ஒருமுறை உட்கார்ந்து பேசலாம்.